வேலை கேட்ட செலவு

செலீன் மன்னாரில் பிறந்து, சிறு வயதில் பெற்றோரோடு கனடாவுக்கு வந்தவள். ஸ்காபரோவில் பொலிஸ் வேலை, அஜக்ஸில் வீடு. கணவன் அகஸ்ரின் விட்பியில் ஒரு வெயர்ஹவுஸில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வருடாவருடம் இருவருடைய வரியையும் அவன்தான் கணினியில் முடித்துவிடுவான். இந்தப் பங்குனியில் செலீன் அதற்கு விடவில்லை.

கூட வேலை செய்யும் மாக்கஸ் தன் போனில் ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தான். பொலிஸ்காரர் வேலைக்காகச் செய்யும் செலவையெல்லாம் வரியில் கழிக்கலாம் என்று அதில் நீளமாக எழுதியிருந்தது. சப்பாத்து, ரோர்ச் லைற், யூனிபோம் கழுவுகிற கூலி, ஜிம் என்று எல்லாமே அதில் வந்தன. இத்தனை காலமும் ஏன் ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்று செலீனுக்கு மனம் சுட்டது. வீட்டிலிருந்த கடை றிசீற்றுகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிப்போட்டு, அகஸ்ரினையும் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் வரிக் கணக்குப் பார்க்கும் பத்மநாதனிடம் போனாள்.

பத்மநாதன் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"உது அமெரிக்காக்காரருக்கு எழுதினது, பிள்ளை. அங்கையும் இப்ப முந்தி மாதிரி இல்லையாம்."

"அப்ப இந்தச் சப்பாத்து? வேலைக்கெண்டுதான் வாங்கினனான்."

"வேலையிலை சப்பாத்துத் தாறேல்லையோ?"

"தருவினம். அது பனியிலை வழுக்கும்."

"அப்ப இது நீங்கள் விரும்பி வாங்கினது."

"விரும்பி இல்லை அங்கிள். விழாமல் நிக்கிறதுக்கு."

"பொலிஸே வாங்கச் சொல்லியிருந்தாலும் உடுப்பும் சப்பாத்தும் கழிக்கேலாது. ஜிம்மும் ஏலாது. அஜக்ஸிலையிருந்து வேலைக்கு வாற பெற்றோல் காசும் ஏலாது. சங்கத்துக்குக் கட்டுற சந்தா கழியும். அது உங்கட சம்பளச் சீட்டிலை ஏற்கெனவே இருக்கு."

வேலையில்லாவிட்டால் அந்தச் சப்பாத்தை அவள் திரும்பியும் பார்த்திருக்கமாட்டாள். அது எப்படித் தன் விருப்பமாகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. அகஸ்ரினைப் பார்த்தாள். அவனுக்கும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பையின் அடியில் வேறு சில றிசீற்றுகள் கிடந்தன. அவற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"இது மனநலம் பாக்கிற சைக்கோலொஜிஸ்ற்றுக்குக் கட்டினது. வேலையாலை வந்த வருத்தம், நோய் மாதிரித்தான். இதெண்டாலும் வேலைச் செலவிலை வருமோ?"

"என்ன நடந்தது, பிள்ளை?"

அகஸ்ரினுக்குத் தெரியும். ஆனாலும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். செலீன் சொன்னாள்.

போன கார்த்திகையில் அவள் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய நேரம். வாகன விபத்தில் ஒரு தமிழ்ப் பொடியன் இறந்துவிட்டான். தாய் வோபர்னில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தாள்; ஆங்கிலம் தெரியாது. நீ தமிழ் கதைப்பாய்தானே, போக முடியுமா என்று சார்ஜன்ட் கேட்டார். போ என்று சொல்லவில்லை. செலீன் போனாள். கதவைத் திறந்த அம்மா பொலிஸ் உடுப்பைக் கண்டு முதலில் பயந்தாள். தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ளை வாங்கோ பிள்ளை, எந்த ஊர்?" என்று கையைப் பிடித்து இருத்தினாள். செலீன் மன்னார் என்றாள். அதற்குப் பிறகுதான் மகனைப் பற்றிச் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் தமிழில் பேச வாயெடுத்தால் சொல் தொண்டையில் நின்றுவிடும். ஆங்கிலம்தான் வெளியே வரும். தெரியாதவர்களோடு தமிழில் பேசும்போது அந்தத் தடை வருவதில்லை. ஏன் அப்படி என்று சைக்கோலொஜிஸ்ற்றுக்கும் இன்னும் பிடிபடவில்லை.

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"தமிழ் கதைக்கோணும் எண்டு உங்கட வேலை ஒப்பந்தத்திலை இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன் போனனீங்கள்?"

அவர் வரிக்காகக் கேட்கிறாரா, இல்லை சும்மா கேட்கிறாரா என்று செலீனால் பிரித்தறிய முடியவில்லை.

"இது மருத்துவச் செலவு, வேலைச் செலவு இல்லை," என்றார் அவர் மெதுவாக. "என்னத்தாலை வந்ததெண்டு சட்டம் கேக்காது. இன்சூரன்ஸ் தந்தது போக மிச்சத்தை இந்தத் தம்பியின்ர வரிக் கணக்கிலை போடுறன். சம்பளம் குறைஞ்ச ஆளின்ர பக்கம் போட்டாத்தான் ஏதும் கிடைக்கும்."

"எனக்கொரு வருத்தமும் இல்லையே அங்கிள்," என்றான் அகஸ்ரின், பதறிப்போய்.

செலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சைக்கோலொஜிஸ்ற்றிடம் போகும் நாள். வழக்கமாகத் தனியாகத்தான் போவாள். அன்று அகஸ்ரின் லீவு போட்டுவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தான். எதற்கு வருகிறான் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டபோது அவனும் எழுந்தான். தான் வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அவளுக்கும் தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, அவன் வரும்வரை நின்றாள்.