சுவிட்சை அழுத்திய கை

என் கணவரின் அண்ணன். அவர் மனைவி. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரச் சேச்சி. என் மகள். பிறகு நான். போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் வாடகை மாடியில் இருந்தவர்கள் இவ்வளவுதான். என் கணவர் உயிரோடு இல்லை.

மகள் ஒரு கட்டட ஆபீசுக்கு வீட்டுப் படம் போட்டுக் கொடுக்கிறாள். கட்டுவதற்கு முன்பே வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டும் வேலை. அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு சாமானாக வாங்கினாள். தானே எல்லாவற்றையும் மாட்டிச் சேர்த்தாள். நான் மொத்தக்கடையில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. டார்ச் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன்.

எங்கள் ஆட்களில் புதிதாக எது வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில், ஒரு சுமங்கலி கையால் தொடங்குவார்கள். மிக்சி வந்தாலும் அப்படித்தான். அதற்காகத்தான் அத்தான் அக்காவையும் கூட்டி வந்திருந்தார். கணவரின் அண்ணனை நான் அத்தான் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன்.

பத்தரைக்கு ராகுகாலம். மகள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரம் போகுதுட்டி. மூடு, மூடு" என்றார் அத்தான்.

"ஒருக்கா சரிபாத்துக்கிடுதேன் பெரியப்பா."

"அதெல்லாம் பொறவு பாக்கலாம்."

மூடினாள். அக்கா குங்குமம் வைத்துவிட்டு சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா போடட்டும் பெரியம்மா."

"வேண்டாம் மக்கா. அக்கா போடட்டும்" என்றேன்.

அவள் விடவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினேன்.

உள்ளே விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கறுப்பாகவே கிடந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல்ல" என்றாள் அக்கா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். மகள் பெட்டியைத் திறந்தாள். நீளமான சின்ன அட்டை இரண்டு இருந்தது. மெமரி என்றாள். கழற்றித் திரும்ப மாட்டினாள். வரவில்லை. ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. திரையின் கேபிளை மாற்றிக் குத்தினாள். அதற்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் விசிறி மட்டும் சுற்றும். ஒவ்வொரு தடவையும் அக்கா என்னைப் பார்ப்பாள்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் கூட வேலை பார்க்கும் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டு, போனைப் பெட்டிக்குள் காட்டினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எடீ, மேல மூலையில ப்ராசஸருக்கு ஒரு வயர் வரணுமே. அது எங்க?"

அந்த வயர் தகட்டுக்குப் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அதை இழுத்துக் குத்தினாள். டக்கென்று ஒரு சத்தம்.

"அம்மா, இப்ப நீயே போடு" என்றாள்.

நான் எழுந்திருப்பதற்குள் அக்கா போட்டுவிட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. எழுத்து வந்தது.

"பாத்தியளா" என்றாள் அக்கா.

"வயர் குத்தல்ல பெரியம்மா. அதான் காரியம். இப்ப கண்ணால பாத்தீங்கல்லா!"

அத்தான் எழுந்துகொண்டே சொன்னார். "நீ வயரைக் குத்த மறந்ததும் எதனாலங்கே? அவ கை வைக்கப் போறான்னுதான்."

சேச்சிக்குப் பொறுக்கவில்லை. "எந்தா இது? கரண்ட் போயாலும் இவளாணோ காரணம்?" என்று கேட்டாள். அவள் மட்டும் சிரித்தாள்.

மகள் வயரை மறந்தது அவசரத்தில். அவசரப்படுத்தியது ராகுகாலம். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அக்கா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தியில் அடுத்த வரிசையில் இருந்து கேட்டேன். நான் தொட்டேன், வரவில்லை. அவள் தொட்டாள், வந்தது. வயர் அந்தக் கதையில் இல்லை.

என் கணவர் நெஞ்சுவலியில் போனபோதும் என் ராசி என்றுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என்றாவது ஒருநாள் உண்மை தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையைக் கண் முன்னால் திறந்து காட்டினாலும் விடமாட்டார்கள் என்று அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன். அது தெரியாமல் நான் காத்திருந்தது பதினோரு வருஷம்.