அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன்

சென்னைச் சட்டக் கல்லூரியின் விண்ணப்பத் தாள் என் கைக்கு வந்த நாளிலிருந்து அஞ்சலில் போன நாள்வரை, அது குடியிருந்த இடம் அண்ணியின் கருவாட்டுக் கூடைதான். அப்பாவின் கண்ணில் படாமல் ஒரு காகிதத்தை ஒளித்து வைக்க அதைவிடப் பத்திரமான இடம் எங்கள் வீட்டில் கிடையாது. கூடையின் அடியில் ஓர் ஓலை, அதன்மேல் மடித்த தாள், மறுபடி ஓர் ஓலை, அதற்கு மேல் நெத்திலியும் வாளையும். நான்கு நாளில் தாளின் மூலையில் எண்ணெய் ஊறிவிட்டது. நான் பதறியதைப் பார்த்து அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். “கவலப்படாத தம்பி. மோந்து பாத்தாலே எந்த ஊருன்னு தெரிஞ்சிக்குவாங்க. விலாசம் எழுதற வேலை மிச்சம்.”

அறுபதுகளின் தொடக்கம் அது. கடலூர் முதுநகருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், சிதம்பரத்தில் பி.ஏ. கடைசி வருடம். தினமும் காலைப் பாசஞ்சரில் போவேன். என் அண்ணனின் மனைவியும் அதே வண்டியில்தான் சிதம்பரம் சந்தைக்குக் கருவாடு கொண்டு போவார். கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் கடைசிப் பெட்டி. நான் நான்கு பெட்டி தள்ளி, இஸ்திரி போட்ட சட்டையோடு, அவரை யாரென்றே தெரியாதவன்போல் உட்கார்ந்திருப்பேன். இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அண்ணிக்கு அது தெரியாமல் இல்லை. சிதம்பரத்தில் இறங்கியதும் வேண்டுமென்றே என் பக்கமாக நடந்து வந்து, “இன்னா சார், காலேஜுக்கா?” என்று உரக்கக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சந்தையில் அவரோடு பேரம் பேசி ஜெயித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், கறுப்புக் கோட்டைப் பார்த்து வந்தது என்பதுதான் உண்மை. பிறகுதான் அதற்கு நல்ல காரணங்களைத் தேடிப் பிடித்தேன். யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. சரித்திரப் பேராசிரியர், “தாராளமாகப் போ” என்றார். இங்கிலீஷ் பேராசிரியர் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சொன்னார். ரயிலில் கூடவே வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர், “வக்கீலுக்குத் தொண்டை இருந்தா போதும் தம்பி, மூளைக்குத்தான் நாங்க இருக்கமே” என்று தைரியம் கொடுத்தார்.

அப்பா மட்டும் ஒரே வார்த்தையில் முடித்தார். “ஊரு ஒத்துக்கினா போ. ஊரு வேணாம்னா விட்டுடு.” அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் குப்பத்தில் என்ன தகராறு வந்தாலும் ஊர்ப் பஞ்சாயத்தில்தான் தீர்க்க வேண்டும். அதை மீறிக் கோர்ட்டுக்குப் போனவனை ஊர் தள்ளி வைத்துவிடும். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போக மாட்டார்கள், எந்தப் படகிலும் அவனை ஏற்ற மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் வக்கீலாகிறேன் என்றால், ஊரைக் கோர்ட்டுக்கு இழுக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்றுதான் அர்த்தம். அப்பா பயந்ததில் தப்பில்லை. எனக்குத்தான் பயப்படும் அளவுக்கு அறிவு இல்லை.

கடைசியாக அண்ணியிடம் யோசனை கேட்டேன். “எனக்குத் தெரியாத ஒண்ணுக்கு நான் எப்பிடிடா யோசன சொல்றது? வா, போய்ப் பாத்துட்டு வரலாம்” என்றார். மறுநாளே கூடையைச் சந்தையில் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, முகம் கழுவி, என்னைச் சிதம்பரம் முன்சீப் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் அவரோடு தெருவில் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. உள்ளே கூட்டம் நெருக்கியது. ஆனால் அண்ணியின் புடவையில் இருந்த கருவாட்டு வாசனைக்குப் பயந்து ஆளாளுக்கு நகர்ந்ததில், எங்களுக்கு முன் பெஞ்சே கிடைத்துவிட்டது.

கிள்ளைப் பக்கத்து வயதான அம்மா ஒருவர் கூண்டில் நின்றார். வேலித் தகராறு. அந்த அம்மா தன் கல்யாணத்தில் ஆரம்பித்தார். மாமனார் நட்ட பூவரச மரம், புயலில் அது சாய்ந்தது, பக்கத்து வீட்டுக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக வேலியை நகர்த்தியது, அவன் மனைவி தன்னைப் பேசிய பேச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் “அடப்பாவி!” “அப்புறம்?” என்று இங்கிருந்தே கேட்க, டவாலி போட்ட சேவகர் இரண்டு தடவை வந்து அதட்டிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாவின் வக்கீல் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்கால வண்டியில் நான் என் பெட்டிக்குப் போகவில்லை. அண்ணியோடு கடைசிப் பெட்டியில் ஏறி, கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அண்ணிக்கு அன்றைக்கு வாய் ஓயவே இல்லை. இந்த வெயிலில் கறுப்புக் கோட்டு எதற்கு, நீதிபதி தூங்கிவிட்டால் யார் எழுப்புவது, எதிராளி பொய் சொன்னால் நடுவில் எழுந்து “பொய்” என்று கத்தலாமா என்று அவர் கேட்க, பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் பாதி தெரிந்து பாதி தெரியாமல் அளந்துவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் அண்ணி சிரிப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்தம்மா சொன்னது ஒரு கூடை. அவுங்க எழுதிக்கினது ஒரு கைப்பிடி. மிச்சம் எங்க போச்சு தம்பி?”

சட்டத்துக்குத் தேவையானதை மட்டும்தான் எழுதுவார்கள் என்று நான் பெரிய மனிதன்போல் விளக்கினேன்.

“எது தேவைன்னு அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டாங்களா? எனுக்குன்னா அந்தப் பூவரச மரந்தான் கேசே.” காலிக் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, “நீ படி தம்பி. நல்ல வேலதான் அது. சொன்னத சொன்னபடி எடுத்துக்கினு போய்ச் சேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளா நீ இருப்பியான்னுதான் தெரியல” என்றார். இருப்பேன் என்று நான் துள்ளிக் குதித்துச் சொன்னேன். “சொல்றது ஈஸி” என்றார் அண்ணி.

ஊர் கூடியது ஓர் அமாவாசை நாள் பகலில். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் மணலில் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊர்த் தலைவரான நாட்டார். பெண்கள் சபைக்குள் வரக் கூடாது. கோயில் மதிலோரமாக நின்று கேட்கலாம். ஒரு பெண் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், அவள் வீட்டு ஆண் ஒருவன் நடுவில் நின்று அவள் சொல்லச் சொல்ல உரத்த குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் வாயிலிருந்து வருவதைத்தான் சபை கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவன் மாற்றிச் சொல்லிவிட்டால், “அப்பிடி இல்ல” என்று அவள் மறுக்கலாம். அப்போது அவன் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு இது எவ்வளவோ காலத்து வழக்கம்.

படிக்கப் போக ஊரிடம் அனுமதி கேட்க என் முறை வந்தது. ஒரே ஒரு நாள் கோர்ட்டைப் பார்த்திருந்தேன் அல்லவா, அந்தத் திமிர் தலைக்கு ஏறியிருந்தது. பணிவாக நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நானோ ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாட்டாரைப் பார்த்து, “நம்ம பஞ்சாயத்து தீர்ப்பு ஒரு தடவைகூடத் தப்பா போனது இல்லியா? ஆமாவா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், சபையே எழுந்துவிட்டது. “இன்னும் படிக்கவே போவல, அதுக்குள்ள நாட்டார கூண்டுல ஏத்திட்டான்டா!” என்று ஒருவர் கத்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மணலையே பார்த்தார். என் சட்டப் படிப்பு என் கண்ணெதிரே கடலில் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மதிலோரத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “நான் பேசணும். என் வாய்க்கு எங் கொழுந்தனே நிக்கட்டும்.” அண்ணனுக்கு நாலு பேர் முன்னால் நிற்பதென்றாலே உதறும், தப்பித்தோம் என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார், நான் மேலும் உளறாமல் பார்த்துக்கொள்ள.

“எங் கொழுந்தன் ஒரு மடையன்” என்று ஆரம்பித்தார் அண்ணி.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் அண்ணி என்ன சொல்றாங்கன்னா, எனக்கு அனுபவம் பத்தாது...” என்றேன்.

“அப்பிடி இல்ல. மடையன்னு சொன்னேன்.”

“நான் ஒரு மடையன்” என்று ஊரறியக் கத்தினேன். சபையில் இருந்த கோபம் அப்படியே சிரிப்பாகிப்போனது. அண்ணி விடவில்லை. ரயிலில் தன்னைத் தெரியாதவன்போல் உட்கார்ந்திருப்பதைச் சொன்னார், நான் சொன்னேன். பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்று இத்தனை வருடப் படிப்பில் கற்றுக்கொள்ளவில்லை என்றார், அதையும் சொன்னேன். பிள்ளைகள் மணலில் புரண்டார்கள். நாட்டாரின் மீசைகூட ஆடியது. பிறகு அண்ணியின் குரல் மாறியது. முன்சீப் கோர்ட்டில் பார்த்த அம்மாவையும், ஒரு கூடைப் பேச்சு ஒரு கைப்பிடியானதையும் சொன்னார். “நாளைக்கு நம்ம ஊரு மேலயே யாராவது கேசு போட்டா, அங்க போய் நின்னு நாம சொன்னத சொன்னபடி சொல்ல நமக்கு யாரு இருக்கா?” என் குரலில் அந்தக் கேள்வி போய் விழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நானாகப் பேசியபோது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அண்ணியின் பேச்சு என் வாய் வழியாகப் போனதும் ஊரே கேட்டது.

நாட்டார் மீசையை நீவிக்கொண்டே கேட்டார். “எல்லாம் சரி. இவன் வக்கீலாயிட்டு, நாளைக்கு இந்தப் பஞ்சாயத்தையே கோர்ட்டுக்கு இழுத்தான்னா?”

அண்ணி தயங்கவே இல்லை. “இழுக்கட்டும். பஞ்சாயத்து தப்பு பண்ணினா இழுக்கட்டும்.”

காற்று கடலிலிருந்து வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. நாட்டார் இருந்த தூரத்துக்கு அண்ணியின் குரல் போயிருக்காது என்று நினைத்தேன். “அப்படியெல்லாம் செய்ய மாட்டான்” என்று நான் மாற்றிச் சொன்னால் போதும், அடுத்த மாதம் சென்னை. அண்ணி மறுப்பாரா? மறுக்க மாட்டார் என்று தோன்றியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அப்பா என் முழங்கையைப் பிடித்து, “வேணாண்டா” என்று முணுமுணுத்தார். அந்தக் கிள்ளை அம்மா கூண்டிலிருந்து இறங்கியபோது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது ஞாபகத்துக்கு வந்தது.

“இழுக்கட்டும்” என்றேன், கடல் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி. “பஞ்சாயத்து தப்பு பண்ணினா இழுக்கட்டும்.”

நாட்டார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “எங் காது நல்லாத்தான் கேக்குது. அவ சொன்னது எனக்கு அப்பவே கேட்டுது. நீ முழுங்குறியா, சொல்றியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்” என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, “போய்ப் படிக்கட்டும்” என்றார். நான் மணலில் விழுந்து அவர் காலைத் தொட்டேனா, மதிலைப் பார்த்து ஓடினேனா என்று நினைவில்லை. பெண்கள் குலவையிட்டது மட்டும் இப்போதும் கேட்கிறது.

இழுத்தாயா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இழுத்தேன். கடலூரில் தொழில் தொடங்கிச் சில வருடங்கள் கழித்து, ஏலம் போடும் கரையில் பெண்கள் கூடை வைக்கக் கூடாது என்று ஊர் தீர்மானம் போட்டது. வழக்குப் போட்டவர் அண்ணி. கூண்டில் ஏறி யாரும் நடுவில் நிற்காமல் தன் வாயாலேயே அரை மணி நேரம் பேசினார். இன்று வழக்காடுகிறவர்கள் செல்போனில் மூன்று வரியில் விவரம் அனுப்பிவிட்டு, போதுமா சார் என்கிறார்கள்; போதாது, நேரில் வந்து முழுக்கச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். அன்றைக்கு அண்ணி பேசியதில் ஒரு சொல்லையும் நீதிபதி விட்டுவிடாதபடி நான் பார்த்துக்கொண்டேன். பெண்களுக்குக் கரை கிடைத்தது. எதிர்த் தரப்பில், தள்ளாத வயதில், கோலூன்றி வந்திருந்தார் நாட்டார். தீர்ப்பு முடிந்து வராந்தாவில் நான் கூனிக் குறுகி அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி அண்ணியைப் பார்த்தார். “இழுப்பான்னு சொன்னியே, இழுத்துட்டான் பாத்தியா?” என்று சொல்லி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அண்ணி முதல் தடவையாக அவருக்கு நேருக்கு நேராகப் பதில் சொன்னார்: “அப்பிடி இல்ல. தப்பு பண்ணினா இழுக்கட்டும்னு சொன்னேன்.”