பாதி ஜெபத்துக்குச் சொன்ன ஆமென்

என் அக்காவின் வீட்டுக்காரரைச் சபையில் எல்லோரும் 'மைக் அண்ணன்' என்பார்கள். அவர் எழுந்து ஜெபித்தால் கீழே டயர் கடையில் வேலை செய்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். பழுதான ஃப்ரிட்ஜ்களைச் சரிசெய்வது அவர் தொழில். நாள் முழுக்க கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடங்குமா?

எங்கள் சபைக்குப் பாஸ்டர் கிடையாது, மேடையும் கிடையாது. டயர் கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். யாருக்கு ஏவுதல் வருகிறதோ அவர் எழுந்து பாடலாம், ஜெபிக்கலாம், சாட்சி சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் ஆவியானவர் ஏதோ ஒரு வரம் கொடுத்திருக்கிறார், அதை எல்லோருக்கும் பிரயோஜனமாகக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் எல்லா வரமும் அத்தானிடமே குடியிருந்தால் மற்றவர்கள் என்ன செய்வது? ஆமென் சொல்வோம். அதற்கு மட்டும் அவர் எங்களுக்குக் குறை வைத்ததில்லை.

அக்காவுக்குத் திக்குவாய். மருந்துக் கடையிலோ பஸ்ஸிலோ அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அத்தான் முந்திக்கொண்டு முடித்துவிடுவார். அன்பாகத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வாய் அவர்தான். சபையிலும் அதே கதை. "இவள் கர்ப்பத்தின் கதவைத் திறந்தருளும் ஆண்டவரே" என்று வாரம் தவறாமல் அவளுக்காகக் குழந்தை கேட்பார். அவள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு, யாரும் எதிர்பார்க்காமல், அக்கா எழுந்து நின்றாள். அத்தான் முகம் மலர்ந்துபோனது.

"ஆண்டவரே, எங்களுக்குக் குழந்தை..." என்றாள். அதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, அடுத்த சொல் வரவில்லை.

"தாரும் ஆண்டவரே! இந்த வருஷமே தாரும்! ஆமென்!" என்று முழங்கினார் அத்தான்.

ஆமென் விழுந்துவிட்டால் ஜெபம் முடிந்த மாதிரி. எல்லோரும் ஆமென் என்றோம், நானும்தான். யாரோ உடனே ஒரு பாட்டை எடுத்துவிட்டார்கள். அக்கா உட்கார்ந்தாள்.

நானும் அவளும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். மறுநாள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம்.

"பரவாயில்லையே, உன் ஜெபத்தையும் அத்தான் ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டாரே" என்று சீண்டினேன்.

அவள் மடிக்காமல் விரிப்பைப் பிடித்தபடியே நின்றாள். "நா... நான் கேக்க வந்தது அது இல்லடி."

எனக்கு வந்ததே கோபம்! வேலை முடிந்த கையோடு அத்தானின் பட்டறைக்குப் போனேன். கதவு கழற்றிய ஒரு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து அக்கா என்ன கேக்க வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? குழந்தைதான்."

"அது நீங்க கேட்டது, அத்தான். அவ கேக்க வந்தது வேற."

சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னோடு வீட்டுக்குக் கிளம்பினார்.

"என்ன சொல்ல வந்தே? எங்கிட்ட சொல்லும்மா" என்று அக்காவிடம் கெஞ்சினார்.

"சபையில ஆரம்பிச்சேன். சபையிலயே மு... மு..."

அத்தான் வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். மூடிக்கொண்டார்.

"...முடிக்கிறேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மனிதர் கூனிக் குறுகிப்போனார். சாப்பிடும்போதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் சொல்ல வந்த எதையெல்லாம் தான் மாற்றிச் சொல்லியிருப்போம் என்ற எண்ணம் அவரைத் தின்றது. சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு நான் வரலை. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது?" என்றார்.

"அதே முகத்தோட வாங்க. வாயை மட்டும் வீட்ல வெச்சுட்டு வாங்க."

வந்தார். முதல் பாட்டு முடிந்ததும் அக்கா எழுந்தாள்.

"ஆண்டவரே, எங்களுக்குக் குழந்தை..."

அதே இடத்தில் நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒருவர் இருமினார். வட்டத்தில் இருந்த அத்தனை கண்களும் அத்தானிடம் போயின, முடித்துக் கொடுங்களேன் என்பது போல. அவர் உள்ளங்கையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"...இல்லாதது எனக்கு இப்ப வ... வலிக்கலை, ஆண்டவரே. வாரா வாரம் எல்லார் முன்னாடியும் அதைக் கேக்குறதுதான் வலிக்குது. அதை நி... நிறுத்தச் சொல்லுங்க. ஆமென்."

அத்தான் தலையைக் குனிந்தவர்தான், நிமிரவில்லை. வட்டமாக உட்காருவதில் ஒரு சங்கடம், முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னொரு முகம் இருக்கும். கேட்டது அவர் என்றாலும், வாரா வாரம் உரக்க ஆமென் போட்டது நாங்கள்தானே. அன்று அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அக்கா உட்காரவில்லை. எங்கள் ஆமெனுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.