‘நல்லா இருக்கறாளுங்க’ என்றதால் நின்றுபோன உதவி

1. ஸ்டெல்லாக்காவின் போன்

காலையில் பல்கூடத் துலக்கவில்லை, போன் அடித்தது. ஸ்டெல்லாக்கா.

"ஏனுங்க அம்மணி, நாளையிலிருந்து பூங்கொடி ஊட்டுக்குப் போக வேண்டாம்னு எனக்கு மெசேஜ் வந்திருக்குது. நீங்க சொல்லித்தான் அனுப்பிச்சாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா. என்ன மெசேஜ்?"

"ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஊடு போட்டிருக்காங்க. நாளைக்கே அங்க போகோணுமாம். அப்ப பூங்கொடிய ஆரு தூக்குவாங்க?"

"பாக்கறேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

நான் பவித்ரா. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணத்தில் உதவி தரும் ஒரு சேவை மையத்தில் கேஸ் வொர்க்கர். கான்ட்ராக்ட் வேலை. ஒருவருக்கு என்ன உதவி வேண்டும், யார் போய்ச் செய்வது, எந்த நேரத்தில் என்று ‘சப்போர்ட் பிளான்’ போட வேண்டும். போட்டது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு இதே நாற்காலிக்கு வரப்போகிற ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். சாந்தமாக எழுத முயற்சி செய்தேன். வரவில்லை. விட்டுவிட்டேன்.

பூங்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. பஸ் விபத்தில் முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. சிங்காநல்லூரில் யூசுப் பாய் என்பவரின் பட்டறையில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறார். அங்கே போய் உட்காரும்வரை நடப்பதெல்லாம் ஸ்டெல்லாக்காவின் கை. ஸ்டெல்லாக்கா எங்கள் மையம் அனுப்பும் பணியாளர். தினமும் காலையில் போய், பூங்கொடியைத் திருப்பிப் படுக்க வைத்து, மலம் எடுத்து, சிறுநீர் டியூபைச் சுத்தம் செய்து, குளிப்பாட்டி, டார்ச் அடித்து முதுகிலிருந்து குதிகால்வரை தோலைப் பார்ப்பார். உணர்வில்லாத உடம்பில் புண் வந்தால் அந்த ஆளுக்கே தெரியாது, அதனால். பிறகு தூக்கி வீல்சேரில் வைப்பார். ஆட்டோ வரும். பூங்கொடி வேலைக்குப் போவார்.

இந்த உதவியைத்தான் நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் டேப்லெட்டில் ஒரே வரி: ‘உதவித் தேவை: குறைவு. பணியாளர் சேவை நிறுத்தம்.’

மண்டை சூடாகிவிட்டது. ஸ்கூட்டியை எடுத்தேன்.

2. ஒறம்பரைக்குச் சொன்ன பதில்

வாசலிலேயே பூங்கொடியின் அம்மா ராமாத்தா. முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"வா கண்ணு. போன வாரம் உங்க ஆபீசர் வந்துட்டுப் போனாரு. தங்கமான மனுசன். ரண்டு டம்ளர் காப்பி குடிச்சாரு."

ஆபீசர் இல்லை, அசெசர். யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று வீட்டுக்கு வந்து மார்க் போடும் ஆள்.

"என்ன கேட்டாரும்மா?"

"புள்ள தானாச் சாப்பிடறாளான்னாரு. சாப்பிடறாளுங்கன்னேன். தெனமும் குளிக்கறாளான்னாரு. ஒரு நா தவறாதுங்கன்னேன். பாத்ரூம் போறது சிரமமான்னாரு. அதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லீங்க, நல்லா இருக்கறாளுங்கன்னேன். வேலைக்கே போறாளுங்க, சொந்தக் கால்ல நிக்கறாளுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"நின்னனா? என்னைக்கும்மா நின்னேன்?" உள்ளே கட்டிலில் இருந்து பூங்கொடியின் குரல்.

"பேச்சுக்குச் சொல்றதுதான, சும்மா இரு."

கேட்கக் கேட்க முழுக் கதையும் வந்தது. அசெசர் வருகிறார் என்று முதல்நாளே வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். பூங்கொடிக்குப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ரப்பர் ஷீட் பரண் மேலே. கமோடு சேர் பக்கத்து வீட்டில். சிறுநீர்ப் பை சேலை மடிப்புக்குள். ரூமுக்குச் சாம்பிராணி.

"ஏம்மா இதெல்லாம் ஒளிச்சு வெச்சீங்க?" என்றேன்.

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்டப் போயி அசிங்கத்தையெல்லாம் கடைபரப்புவாங்களா கண்ணு?"

விருந்தாளியிடம் நம் பக்கத்தில் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் ஆளிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். "நல்லா இருக்கறனுங்க, நீங்க சாப்பிட்டீங்களா" என்பார். டேப்லெட் ஆப்பில் கேள்விகளை எழுதியவருக்கு இது தெரியாது, சரி. இந்த அசெசர் பொள்ளாச்சிக்காரர்! அவருடைய அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். தெரிந்தும் ‘தானாகக் குளிக்கிறார்’ என்று டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உங்ககிட்ட என்னக்கா கேட்டாரு?" என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

"என்கிட்டயா? ஒண்ணும் கேக்கல. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். போறப்ப அம்மாகிட்ட, ‘பாப்பா நல்லாச் சிரிக்குது’ன்னாரு."

சேவை நின்றுவிட்ட செய்தியைச் சொன்னேன். ராமாத்தாம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. மகளைத் தூக்க முடியாது.

"நான் என்ன கண்ணு தப்பாச் சொல்லிப்போட்டேன்?"

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் கொடுமை.

3. "பழைய நைட்டி போடச் சொல்லு"

எங்கள் கோஆர்டினேட்டர் சிவராஜ் சார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கடுப்பில் எழுதுவதைப் படித்துவிட்டு வில்லன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

"இதுக்கு ஏம்மா இவ்வளவு டென்ஷன்? ரீ-அசெஸ்மென்ட் போட்டுடலாம். இந்தத் தடவை பட்டுச்சேலையெல்லாம் வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரு. பழைய நைட்டி போடச் சொல்லு. தல சீவ வேண்டாம். கட்டில்ல படுக்க வெச்சிரு. அம்மா சித்த அழுதாப் போதும். வேலைக்குப் போறது மட்டும் வாயில வரவே கூடாது."

"அது பொய் சார்."

"எதும்மா பொய்? அந்தப் புள்ளயால நடக்க முடியாதுதான?"

"வேலைக்குப் போறாங்க சார். ஸ்டெல்லாக்கா வந்தாத்தான் போக முடியும். அதைச் சொல்லித்தான வாங்கணும்?"

"வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு ஆளுன்னு மேல கேப்பாங்க. ஆள் இல்லாட்டி வேலைக்குப் போக முடியாதுன்னு நீ சொல்லுவ. அதுக்கு அந்த ஆப்ல பட்டன் இல்ல. நான் இப்படித்தான் எத்தனையோ பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். கத்துக்கோ."

எனக்கு எது வெறுப்பேற்றியது என்றால், அவர் சொல்லும் வழி பலிக்கும் என்பதுதான். அழுகிறவருக்குக் கிடைக்கும். தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காது. இதற்குப் பெயர் சப்போர்ட் பிளானாம். ரெண்டு வருஷம் படித்து ரேங்க் வாங்கி வந்த நான், ஒரு குடும்பத்துக்கு அழுவதற்கு டிரெயினிங் கொடுக்க வேண்டுமாம்.

சார் சொன்னதைப் பூங்கொடியிடம் மறைக்காமல் சொன்னேன்.

"படுத்துக் காட்டறதுக்கு நான் என்ன பொருட்காட்சியா பவி?"

ராமாத்தாம்மா குறுக்கே வந்தார். "ஒரு நா படுத்தா என்ன கொறஞ்சா போயிருவ? நான் அழறேன். அழுவறதுக்கு எனக்கு ஆராவது சொல்லித்தரோணுமா?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"அழுது வாங்குனா ஒவ்வொரு தடவையும் அழுவோணும்மா. நான் வேலைக்குப் போறது இந்த வீதிக்கே தெரியும். அந்தாளு வர்ற அன்னைக்கு மட்டும் நான் செத்தவளாட்டக் கெடக்கோணுமா?"

ராமாத்தாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூங்கொடியே சொன்னார்: "அவரக் காலையில வரச் சொல்லு. ஸ்டெல்லாக்கா வர்ற நேரத்துக்கு. என்ன நடக்குதுன்னு நானே சொல்றேன்."

சிவராஜ் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "அசெசர் பதினோரு மணிக்குத்தாம்மா பீல்டுக்குக் கெளம்புவாங்க."

"பதினோரு மணிக்கு எல்லாமே முடிஞ்சிருக்கும் சார். சமைச்சு முடிச்ச அடுப்பப் பாத்துட்டு, இந்த வீட்டுல அடுப்பே எரியறதில்லைன்னு எழுதற மாதிரி இருக்குது."

"நீ ரொம்பப் பேசற."

"பேசறதுக்குத்தான சார் சம்பளம்?"

தினமும் மெயில் போட்டேன். தினமும் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்தாலே போனைக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அப்படி நாள் போய்க்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் பூங்கொடியை ராமாத்தாம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து, ஒருவர் அக்குளிலும் ஒருவர் காலிலும் பிடித்து, கட்டிலில் இழுத்து வீல்சேருக்கு மாற்றினார்கள். தூக்கவில்லை, இழுத்தார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மற்றதையெல்லாம் ராமாத்தாம்மாவே போர்வைக்குள் கையை விட்டு அவசரமாக முடித்தார். சில நாள் அதுவும் முடியாமல் பூங்கொடி கட்டிலிலேயே கிடந்தார். சீசன் நேரம், ஆள் வராமல் பட்டறை ஓடாது என்று யூசுப் பாய் போன் செய்துகொண்டே இருந்தார்.

கடைசியில் அசெசர் காலையில் வரச் சம்மதித்தார். ஸ்டெல்லாக்கா ஆர்.எஸ்.புரம் வீட்டில் கெஞ்சி அன்றைக்கு ஒரு காலை மட்டும் லீவு வாங்கினார்.

4. திரைக்கு அந்தப் பக்கம்

பூங்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அசெசர் ஆம்பளை, அதனால் திரைக்கு வெளியே உட்கார வேண்டும். உள்ளே நடப்பதைப் பூங்கொடி சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். நானும் வெளியே அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எழுதிக்கோங்க சார். இப்ப என்னைய எடது பக்கமாத் திருப்பறாங்க. நானாத் திரும்ப முடியாது."

"எழுதறேனுங்க."

"இப்பக் கையுறை போடறாங்க. வெளிக்குப் போறது எனக்குத் தானா நடக்காது. வெரல விட்டுத்தான் எடுக்கோணும். எழுதுனீங்களா?"

அசெசருக்கு வியர்த்துக் கொட்டியது. ராமாத்தாம்மா காபி டம்ளரோடு தவித்துக்கொண்டிருந்தார். "சித்த மெதுவாப் பேசு கண்ணு, பக்கத்து ஊட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும்மா. சார், உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க."

"போன தடவை கேட்டிருந்தீங்கன்னா அப்பவே சொல்லியிருப்பேன்."

எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"இப்ப டார்ச் அடிச்சு முதுகப் பாக்கறாங்க சார். முன்னால தெனமும் பாப்பாங்க. ஸ்டெல்லாக்கா நின்னதுக்கப்புறம் ஆரும் பாக்கல."

டார்ச் வெளிச்சம் திரையில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"என்னக்கா?" பூங்கொடி கேட்டார். "ஸ்டெல்லாக்கா, என்னன்னு சொல்லுங்க."

"பவித்ரா அம்மணி, சித்த உள்ள வாங்க."

போனேன். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குக் கன்றிச் சிவந்திருந்தது. நடுவில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. கட்டிலில் இழுத்து இழுத்து வந்த புண். பூங்கொடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வலிக்கவே இல்லை.

"பவி, எவ்வளவு பெருசு?"

சொன்னேன்.

பூங்கொடி திரைக்கு வெளியே கேட்கும்படி பேசினார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "சார், எழுதிக்கோங்க. புண்ணு வந்திருக்குது."

5. மார்க் வந்தது

அன்று சாயங்காலமே டேப்லெட்டில் வந்துவிட்டது: ‘உதவித் தேவை: அதிகம்.’ திருப்பியது, மலம் எடுத்தது, தூக்கியது எதற்கும் அந்த மார்க் ஏறவில்லை. படுக்கைப்புண் என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று தொட்டதும் தானாக ஏறிவிட்டது. அசெசரே போன் செய்து சொன்னார்.

சிவராஜ் சாருக்குச் சந்தோஷம். "பாத்தியா, வந்துருச்சு! எப்படியோ புண்ணு நல்ல நேரத்துல வந்துச்சு."

"ஸ்டெல்லாக்காவ நிறுத்தாம இருந்திருந்தா அந்தப் புண்ணே வந்திருக்காது சார்."

"வாஸ்தவம்தான். ஆனா ஸ்கோரும் வந்திருக்காதேம்மா."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆறுதல் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் டேப்லெட்டை உடைத்திருப்பேன், அதையும் என் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

புண் ஆறும்வரை உட்காரவே கூடாது, குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யூசுப் பாய் வீட்டுக்கே வந்து பார்த்தார். "ஆள் போட்டுட்டேம்மா, வேற வழியில்ல. நீ எந்திரிச்சு வா, பாத்துக்கலாம்" என்றார். ‘பாத்துக்கலாம்’ என்றால் என்ன என்று பூங்கொடிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டெல்லாக்கா தினமும் வருகிறார். வேலைக்கு அனுப்ப வேண்டிய ஆளைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டுப் போகிறார். அரசாங்கம் அதே பணத்தைத்தான் செலவு செய்கிறது. முன்னால் அந்தப் பணத்தில் ஒரு பெண் காயில் சுற்றினார். இப்போது அதே பணத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறோம்.

போன வாரம் போயிருந்தேன். பூங்கொடி தலையணையில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"புண்ணு ஆறிட்டா மறுபடியும் கேக்க வருவாங்களா பவி?"

"ஆறு மாசத்துல ரிவ்யூ இருக்குதுக்கா."

"அப்ப நான் நல்லா இருந்தா?"

நான் டேப்லெட்டைக் கையில் எடுத்தேன்.

"அப்ப இது ஆறறதுக்கே பயமா இருக்குது, போ."

ஜூனியர்களே, யார் வேண்டுமானாலும் உங்களுக்குப் பழைய நைட்டி வழியைச் சொல்லித்தருவார்கள். தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள். உதவி நடக்கிற நேரத்துக்குப் போங்கள், பதினோரு மணிக்குப் போகாதீர்கள். கட்டிலில் இருக்கும் ஆளிடம் கேளுங்கள். ஒருவர் நன்றாக இருந்தால், அப்படி இருக்கும்படி தினமும் யார் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் எழுதுங்கள். அதற்குத் தனிக் கட்டம் இருக்காது. குறிப்பு என்று கடைசியில் ஒரு சின்ன இடம் இருக்கும், அதில் எழுதுங்கள்.

அன்றைக்கு நான் அங்கேயே கட்டிலோரம் உட்கார்ந்து டேப்லெட்டில் அந்தக் குறிப்பை அடித்தேன். அடித்ததைப் பூங்கொடிக்குப் படித்துக் காட்டினேன்: "பணியாளர் சேவையை நிறுத்தினால் படுக்கைப்புண் வரலாம்."

"என்ன வரலாம்? அதான் வந்துச்சே. வரும்னு எழுது."

மாற்றி எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.