கிளட்ச் அறுந்த ஞாயிற்றுக்கிழமை

என் தம்பியிடம் சொல்லாமல்தான் கார் ராலிக்குப் பெயர் கொடுத்தேன். மதுரையில் கார் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. சொந்த வண்டி வைத்திருக்கும் யாரும் வரலாம், பழைய வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை என்று போட்டிருந்தார்கள். காரியாபட்டியில் கிளம்பி, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி வழியாக அருப்புக்கோட்டையில் முடிய வேண்டும். எல்லாம் அவன் வாடகைக்கார் ஓட்டித் திரிந்த ரோடுகள். ஒருத்தர் ஓட்ட வேண்டும், இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். வழி சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஓட்டத்தான் அவன் வேண்டும்.

அவன் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாலவனத்தம் தாண்டி ஒரு வளைவில் எங்கள் கார் மழை ஈரத்தில் வழுக்கிப் புரண்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. என்னை வெளியே இழுத்தது ரோட்டில் போனவர்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பிறகு என் சேலைக் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டான். கஸ்டமர் விரித்துப் போட்டுப் போன சேலைகளை மடித்துக்கொண்டே இருப்பான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "ஒனக்கு எதாச்சும் ஆயிருந்தா என்னக்கா பண்ணிருப்பேன்" என்பான். அடுத்த சேலையை எடுத்து மடிப்பான்.

சரி, நானே பக்கத்தில் உட்கார்ந்து போனால் என்ன என்று தோன்றியது. அடிபட்டவளுக்கே பயமில்லை என்று கண்ணால் பார்த்தால் தெளிந்துவிடுவான். இந்த ஒரு நாள் ஓட்டவில்லை என்றால் இவன் கடைசிவரை சேலைதான் மடிப்பான் என்ற பயம் எனக்கு. பெயர் கொடுத்தாயிற்று, போகாவிட்டால் அசிங்கம் என்று பிடிவாதம் பிடித்து, பழுது பார்த்துச் சும்மா நின்ற அதே காரில் உட்கார வைத்தேன்.

ராலி என்றால் பறக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர்கள் சொன்ன வேகத்தில், சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். பிந்தினாலும் மார்க் போகும், முந்தினாலும் போகும். நேரம் குறிக்கிறவர்கள் எந்த வேப்பமரத்தடியில் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வழிக்காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வலது பக்கம் கண்மாய்க் கரை, அடுத்து பால் சொசைட்டி, அதைத் தாண்டி இடது கை ரோடு.

"ஏன்க்கா கத்துற, பக்கத்துலதான இருக்கேன்" என்றான்.

காகிதத்தைவிட அவன் கையைத்தான் அதிகம் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. டவுன் பஸ் எதிரே வந்தால் ரோட்டை விட்டே இறங்கினான். ஒவ்வொரு வளைவுக்கும் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. வெளியே சிரித்துக்கொண்டு, "நல்லாத்தான ஓட்டுற" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருச்சுழிக்குள் நுழையும்போது ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் கீழே டப்பென்று சத்தம். அவன் கிளட்சை மிதித்தான். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்ப எழும்பவில்லை. கேபிள் அறுந்துவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஞாயிற்றுக்கிழமை, திறந்திருந்த ஒரே மெக்கானிக் கடையில் பைக்குக்குத்தான் கேபிள் இருந்தது.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவன் கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுவான், நான் வழக்கம்போல் திட்டுவேன், நாளைக் காலை கடையில் சேலை மடிப்பான். அவனோ இறங்கவில்லை. குனிந்து பெடலைக் கையால் இழுத்துப் பார்த்தான்.

"கிளட்ச் இல்லாமயும் ஓட்டலாம்க்கா. பஸ்ட் கியரப் போட்டு செல்ப் அடிச்சா வண்டி எகிறிக் கெளம்பிரும். ஆனா பேட்டரி வீக்கு, அடிக்கடி அடிக்க முடியாது. எங்கயும் நிப்பாட்டாமப் போகணும்."

ஒரு வருஷமாக நான் கேட்காத குரல் அது. சவாரிக்குப் பேரம் பேசும்போது வரும் குரல். "சரி, போ" என்று மட்டும் சொன்னேன்.

வண்டி எகிறித்தான் கிளம்பியது. சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டுக் கியர் மாற்றினான். நிற்கக் கூடாது என்று ஆனபிறகு ரோட்டில் போன ஒவ்வொரு உயிரும் எனக்கு விரோதி. ஆடுகள் குறுக்கே வந்தால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விரட்டினேன். ஷேர் ஆட்டோக்காரனை வண்டியில் இருந்தபடியே ஏசினேன்.

எம்.ரெட்டியபட்டி நெருங்கும்போது ரோடு முழுக்க உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்தால் தார் ரோடுதான் களம். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் பயறு உதிரும். மதுரை வண்டிகள் எல்லாம் ஓரத்து மண்ணில் இறங்கி ஒதுங்கிப் போயிருந்த தடம் தெரிந்தது. என் தம்பிக்கு அப்படிப் போக வராது. செடி மேல் ஏற்றி, நிதானமாக ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் இங்கே மரியாதை. ராலியும் மறந்து, கிளட்சும் மறந்து, பழக்கத்தில் நடுவிலேயே விட்டான். ஓரத்தில் நின்ற பெண்கள் சந்தோஷமாகக் கையைக் காட்டினார்கள்.

செடி எங்கள் வண்டியின் வயிற்று உயரத்துக்குக் கிடந்தது. காய்ந்த கொடி அடியில் சுற்றுகிற சத்தம் கரகரவென்று கேட்டது. களத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் எனக்குத் தீய்ந்த வாடை அடித்தது. காலுக்கடியில் இருந்து புகை வந்தது. சைலன்சர் சூட்டில் செடி பற்றிக்கொண்டுவிட்டது.

நான் அவனைப் பார்த்தேன். அன்றைக்கு மாதிரியே உட்கார்ந்துவிடுவான், நானும் இவனும் இதற்குள்ளேயே கிடக்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். அவன் பிரேக்கை மிதித்தான். இன்ஜின் அணைந்து வண்டி நின்றது. என் சீட் பெல்ட்டை அவனே கழற்றி, குறுக்கே எட்டிக் கதவைத் திறந்து, "எறங்குக்கா" என்று என்னை வெளியே தள்ளினான். அடுத்த நொடி தரையில் படுத்து வண்டிக்கடியில் கையை விட்டு எரிகிற செடியை இழுத்துப் போட ஆரம்பித்தான். பெண்கள் குடிக்க வைத்திருந்த குடத்தோடு ஓடி வந்தார்கள். தண்ணீரை ஊற்றியதும் சுர்ரென்று அடங்கியது. எழுந்து நின்றான். முழங்கைவரை கரி. உள்ளங்கையில் கொப்புளம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்டா" என்றேன்.

"இன்னும் நேரம் இருக்குக்கா. வண்டிக்கு ஒண்ணும் ஆகல." குனிந்து இன்னொரு தடவை அடியில் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். செல்ப் டிக் டிக் என்றது, இழுக்கவில்லை.

"தள்ளுனா ஓடும்" என்று பெண்களைப் பார்த்தான்.

"எங்க உளுந்தால வந்த வென. எல்லாரும் கையப் போடுங்கடி" என்றாள் அவர்களில் மூத்தவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனை பேரும் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். வேகம் பிடித்ததும் கியரைப் போட்டான். வண்டி உதறிக்கொண்டு உயிர் பெற்றது. நிறுத்த முடியாது. எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு மெதுவாக உருட்டினான்.

"ஓடியா, ஏறிக்கக்கா."

ஓடினேன். கதவைப் பிடித்துவிட்டேன். ஒரு காலை உள்ளே வைத்தால் போதும். வைக்க முடியவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்ததும், முறிந்து கூடிய தோள் அப்போதுதான் முறிந்ததுபோல் வலித்தது. கூடவே ஓடிக்கொண்டிருந்தேனே தவிர, ஏறவில்லை. பின்னால் பெண்கள், "ஏறு தாயி, ஏறு" என்றார்கள்.

"நிப்பாட்டவாக்கா?"

"நிப்பாட்டாத. நீ போ, நான் பஸ்ஸுல வாரேன்." கதவை விட்டுவிட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனான்.

நான் பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது அவன் எப்போதோ வந்துவிட்டிருந்தான். வழி சொல்கிற ஆள் இல்லாமல் வந்ததால் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். அதைப்பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. மதுரைக்காரர்கள் நடுவில் நின்று, கொப்புளம் வந்த கையை ஆட்டி ஆட்டி, தீப்பிடித்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். தூரத்தில் நின்று பார்த்தேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அந்த வாரமே கேபிளை மாற்றிக்கொண்டு சவாரிக்குக் கிளம்பிவிட்டான். இப்போது ஏர்போர்ட், ராமேஸ்வரம் என்று ஓய்வே இல்லை. சரக்கு எடுக்க மதுரைக்குப் போகும் நாள்களில் நான் பஸ்ஸுக்கு நிற்பேன். அந்த வழியாகத்தான் அவனும் போவான். ஹாரன் அடித்துக் கையைக் காட்டுவான். காலி வண்டியாக இருந்தாலும் என் முன்னால் நிறுத்த மாட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு நான் ஏற முடியாமல் நிற்பதை இன்னொரு தடவை பார்க்க அவனுக்கு மனசு வராது.