பெரிய ஃபியூஸ்

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில், காசு போட்டு இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மெஷின் எது மக்கர் பண்ணினாலும் லென் கோவலைத்தான் கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம். முப்பது வருஷமாக பார் பாராகப் போய், கண்ணாடியைக் கழற்றி, ஆட்டப் பலகைக்கு அடியில் தலையை விட்டு, பந்தைத் தட்டும் துடுப்புகளின் தேய்ந்த மூட்டுகளை மாற்றியே பிழைத்தவன். பயந்த சுபாவம் என்று அவனை யாரும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மார்லாவின் பாரில் மெஷின் ஊமையாகிவிட்டது. பந்து ஓடியது, விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. சத்தத்துக்கான ஃபியூஸைப் போடப் போட அது போய்க்கொண்டே இருந்தது. எங்கே ஷார்ட் என்று கண்டுபிடிக்க, அதிக கரண்ட் தாங்கும் பெரிய ஃபியூஸைக் கொஞ்ச நேரம் போட்டு, எது சுடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்தான் லென். செய்யக்கூடாத காரியம்தான். செய்யாத மெக்கானிக்கும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் மெஷின் மூடியின் கீலில் நசுங்கிக் கிடந்தது. மாற்றினான். மெஷின் மணியடித்துக் கூச்சல் போட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தைத் தாண்டும்போது சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. பெரிய ஃபியூஸை எடுத்தேனா?

எடுத்த ஞாபகம் இல்லை. ஒயரை மாற்றியது ஞாபகம் இருந்தது, வண்டியில் ஏறியது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. மறுபடி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகாது, ஒயர்தான் பற்றிக்கொள்ளும். அந்தக் கட்டடமோ முழுக்கப் பழைய மரம். மாடியில் மார்லாவின் கணவன் டக், பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பாருக்கு ஃபோன் போட்டான். வெள்ளிக்கிழமை வழக்கமான பொரித்த மீனுக்குக் கூட்டம் அலைமோதும் நேரத்தில் யார் எடுப்பார்கள்? வண்டியைத் திருப்பினான். பனியில் சக்கரம் வழுக்கியது. புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். எல்லா வீட்டுப் புகைபோக்கியிலும் புகை வந்து தொலைத்தது.

உள்ளே ஓடி, ஒருத்தி மெஷினில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கினான்.

"யோவ், கிறுக்கா உனக்கு? கடைசிப் பந்துய்யா அது."

"பத்திக்கும்மா, தள்ளு."

பூட்டைத் திறந்தான். உள்ளே சரியான ஃபியூஸ்தான் இருந்தது. லென்னுக்கு உயிர் திரும்பி வந்தது.

மார்லா மீன் தட்டோடு வந்து நின்றாள். "என்னய்யா, மறுபடியும் ஊமையா?"

"இந்த ஃபியூஸ யாரு மாத்தினது?"

"வேற யாரு, நீதான்." அவள் கல்லாவைத் திறந்து பெரிய ஃபியூஸை எடுத்துக் காட்டினாள். "'இத நீயே வச்சிக்க, இல்லன்னா எடுத்தனா இல்லையான்னு வழியெல்லாம் மனசு அடிச்சிக்கும்'னு என் கையில குடுத்துட்டுத்தானே போன?"

"எப்போ?"

"அரைமணி நேரம்கூட ஆகல." மார்லாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "லென், கொஞ்சம் உக்காரு."

அவன் உட்காரவில்லை. இந்த வாரம் இன்னும் நான்கு பார்களில் மெஷினைத் திறந்திருந்தான். எந்தெந்த பார் என்று யோசித்துப் பார்த்தான். இரண்டுதான் ஞாபகம் வந்தது.