விசை சரியில்லாத துப்பாக்கி

செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் நைனாவுக்கு ஒரு சின்ன நகைக்கடை இருந்தது. நான் நாலாவது படித்த வருஷம், பட்டப்பகலில் இரண்டு பேர் கத்தியைக் காட்டி ஒரு தட்டு மோதிரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் நைனா நடையாய் நடந்து லைசென்ஸ் வாங்கி, சென்னைக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கியோடு வந்தார்.

"பீரங்கி வச்சிருந்தவனே இந்தக் கோட்டைய உட்டுட்டுப் போயிட்டான். நீங்க இத வச்சி இன்னா காப்பாத்தப் போறீங்க?" என்று அம்மா கேட்டாள். நைனா சிரித்ததோடு சரி. நான்தான் பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தேன்.

துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் அண்ணன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுத் தொண்டூரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். எதையும் சட்டென்று நல்லது என்று சொல்லிவிட மாட்டார். அம்மாவின் குழம்பைக்கூட இரண்டாம் முறை சோறு போட்ட பிறகுதான் பாராட்டுவார். எதற்கு வேண்டும் என்று முதலில் கேட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடி எடுத்து நீட்ட என்றார் நைனா. அப்படியானால் இழுப்பறையில் மாட்டாமல் வரவேண்டும், எதிரே நகை பார்க்கிற பெண்களும் பிள்ளைகளும் நிற்பார்கள், அதனால் விசையை இழுக்கும்போது குழாய் இம்மியும் ஆடக்கூடாது என்று மாமா விளக்கினார்.

உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, சுவரைப் பார்த்து நீட்டி, குழாயின் நுனியில் ஒரு ரூபாய்க் காசை வைக்கச் சொன்னார். வைத்தேன். விசையை இழுத்தார். டொக்கென்று சத்தம் வந்தது, காசு அசையவில்லை. "உருப்படி நல்லா இருக்குது" என்றார். மாமா வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அடுத்து நைனா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். விசையைத் தொடுவதற்குள் காசு விழுந்துவிட்டது. கட்டிலுக்கடியில் புகுந்து எடுத்துவந்து வைத்தேன். மறுபடியும் விழுந்தது. இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். மாமா துப்பாக்கியைப் பார்க்கவில்லை, நைனாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை வாங்கித் தானும் ஒருமுறை நீட்டினார். இந்தத் தடவை அவர் கையிலும் காசு விழுந்தது.

"அவசரப்பட்டுச் சொல்லிட்டேன் மாப்ள. விசை சரியில்ல. இதப் புடிச்சா எவன் கையும் ஆடும். திருப்பிக் குடுத்துடலாம்."

நைனா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா மச்சான், விசைதான்" என்றார்.

எனக்கு அழுகை அழுகையாய் வந்தது. முதலில் நிற்கவைத்த காசை அப்புறம் கீழே போட்ட மாமாவை நான் மன்னிக்கவே இல்லை. ராணுவத்தில் சமையல்காரராகத்தான் இருந்திருப்பார் என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன். இருவருமாகச் சென்னைக்குப் போய்த் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நைனாவின் சட்டைக்கு அம்மா பட்டன் போட்டுவிடத் தொடங்கியதைப் பார்த்து, அவருக்குச் செல்லம் அதிகமாகிவிட்டது என்று கேலி செய்தேன். நரம்பு வியாதி என்று டாக்டர் சொன்னது வெகுநாள் கழித்துத்தான். ஒரு சங்கிலியின் கொக்கியைக்கூட மாட்ட முடியாமல் போனபோது கடையை மூடினோம். இப்போது நைனா இல்லை. மாமா இன்றைக்கும் விசையைத்தான் குறை சொல்கிறார்.

அன்று சாயங்காலம், என் அழுகையை நிறுத்த அதே காசைக் கொடுத்து, மிட்டாய் வாங்க நைனா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். என் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். திருவண்ணாமலை பஸ் வருகிறதே, நான் குறுக்கே ஓடிவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

"நான் எங்கியும் ஓடமாட்டேன் நைனா" என்றேன்.

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. என் கையைப் பற்றியிருந்தவரைக்கும்தான் அந்தக் கை ஆடாமல் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.